தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள்

என் கொழுந்தனும் அவர் மனைவியும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். மகள் தவழத் தொடங்கியபோது அவளைத் திண்டுக்கல்லில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. "உங்களுக்கும் பொழுது போகும்க்கா" என்று சொல்லித்தான் கொழுந்தன் மனைவி கொடுத்தாள். பொழுது போவதற்கு டிவி போதாதா என்று மனதுக்குள் முறைத்துக்கொண்டே பிள்ளையை இறுக்கி வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் அவளைத் திருப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடிவு செய்தார்கள். கூட்டிப்போக வருவதாகச் சொன்ன வாரம் பார்த்துப் பிள்ளைக்குச் சளி பிடித்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரணச் சளிதான், தானாகவே சரியாகிவிடும் என்றார். எங்கள் வீட்டில் சளியோ காய்ச்சலோ விட்ட பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் பிள்ளை தேறிவிட்டதாக அர்த்தம். அதுவரை வெளியூர் அனுப்ப மாட்டோம். "சரி மதினி, தலைக்கு ஊத்திட்டுச் சொல்லுங்க, வாரோம்" என்றார் கொழுந்தன் போனில். நான் ஊற்றாதவரை பிள்ளை என்னிடம் இருப்பாள். அந்தச் சளியை நான் கும்பிடாத குறைதான்.

கற்பூரவல்லி இலையை வாட்டிப் பிழிந்து தேனில் குழைத்து நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். அவளுடைய பெரியப்பா முதலில் குடிக்க வேண்டும். அவர் முகம் கோணுவதைப் பார்த்து அவள் சிரிக்கிற நேரம் பார்த்து வாயில் ஊற்றிவிடுவேன். மூக்கு புண்ணாகிவிடக் கூடாதென்று அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். இதற்கு நடுவில் அந்த மனுஷன் ஒரு பை நிறைய ஆயக்குடிக் கொய்யாவோடு வந்து நின்றார்.

"சளிப் பிள்ளைக்கு இதைத்தான் வாங்குவீங்களா?"

"போறதுக்குள்ள ஒண்ணு திங்கட்டும்னுதான்" என்றார்.

மூக்கு ஒழுகுவது நின்றது. பசியெடுத்து ரசம் சாதம் கேட்டாள். "இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே, யாரு கேக்கப் போறா" என்றார் அவர்.

"பெத்தவ அங்க காத்துக் கெடக்கா. நமக்காக அவ வயித்தெரிச்சலக் கொட்டிக்கவா?" என்றேன். பெரிய இவளாட்டம் சொல்லிவிட்டேனே தவிர, வெந்நீர் போட அடுப்பைப் பற்றவைக்காமல் மத்தியானம் வரை இழுத்தடித்தேன். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, விளாவி, தலைக்கு ஊற்றினேன். துவட்டும்போது, "ஏன் பெரிம்மா அழுகுற?" என்று கேட்டாள்.

"நீ போறேல்ல, அதான்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நான் பஸ்ல போறேனே" என்றாள் சந்தோஷமாக. அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மழை பிடித்த பிறகு ஒரு சாயங்காலம் கொழுந்தன் மனைவி போன் செய்தாள். "அக்கா, இவளுக்குச் சளி. மருந்தைத் துப்புறா. நீங்க எப்படிக்கா குடுப்பீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அப்பாவைக் குடிக்கச் சொல், சிரிக்கும்போது ஊற்று, மூச்சு அடைத்தால் படுக்க வைக்காதே, மடியில் சாய்த்துக்கொள். சொல்லிக்கொண்டே மாற்றுச் சேலையை எடுத்துப் பையில் திணித்தேன். ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் போய்விடலாம். "நான் வரட்டுமான்னு பிள்ளைகிட்டக் கேளு" என்றேன்.

போனை அவள் காதில் வைத்தார்கள் போலிருக்கிறது. மூக்கடைத்த குரல் கேட்டது.

"வேணாம் பெரிம்மா. அம்மா இருக்காங்க."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. "சரி கண்ணு, தூங்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அவருக்குச் சோறு போடக்கூட நான் எழுந்திருக்கவில்லை.