சும்மா எழுப்பாதீங்க

மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொல்ல வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற மனுஷனைத் தங்கை புருஷன் வாசலிலேயே நிறுத்தினார். "இன்னும் எதாவது இருந்தா எல்லாத்தையும் சேத்து சாயங்காலம் சொல்லுங்க மச்சான்" என்று கதவைச் சாத்தினார். ஜெனரேட்டர்காரர் அதை மறக்கவேயில்லை. பெண் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று பல வருஷமாக மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாப்பிள்ளையின் பிழைப்பே அப்படி. கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளில் கரண்ட் வீணாகாமல் பார்க்கும் பகுதியை எழுதுகிறவர். வேலையில்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் தூங்கினால்தான் கரண்ட் மிச்சம். ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு புரோகிராமும் 'வேலை இருக்கா' என்று தனித்தனியாகத் தட்டி எழுப்பிக்கொண்டேயிருக்கும். அந்தத் தட்டலையெல்லாம் கூட்டிச் சேர்த்து ஒரே எழுப்பலில் முடிய வைத்ததுதான் அவர் சாதனை. "நான் புகையைக் குடிச்சு கரண்ட் உண்டாக்கறேன், இவரு மெஷினத் தாலாட்டியே சம்பாதிக்கறாரு" என்று ஜெனரேட்டர்காரர் ஊரெல்லாம் நக்கலடித்தார்.

மெஷினைத் தூங்க வைத்தவருக்குத் தூக்கம் வாய்க்கவில்லை. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் தூங்கி எழாவிட்டால் போன் இவருக்குத்தான் வரும். கடைசியில் நெஞ்சு பிடித்துக்கொண்டது. நன்றாகத் தூங்கினால்தான் தேறுவார், இல்லாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் கறாராகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் யார் விட்டார்கள்? தங்கை கஞ்சி வேண்டுமா என்று கேட்டாள். ஆபீஸ்காரர்கள் பாஸ்வேர்டு கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தார். போதாக்குறைக்கு ஜெனரேட்டர்காரரும் வேண்டாவெறுப்பாக வந்து தோளைத் தட்டினார்.

"மாப்ள, தூங்கறீங்களா?"

கண் திறந்தது. உள்ளே வற்றிப்போய், சிவந்து கிடந்தது.

"மச்சான், உங்க ஜெனரேட்டர நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணா என்னாகும்?"

"டீசலக் குடிச்சிட்டு சீக்கிரமே படுத்துரும்."

"மகளுக்கு வேலை கெடச்சதச் சொல்ல வந்தீங்களே, அன்னிக்கும் அப்படித்தான் கெடந்தேன். ராத்திரி முச்சூடும் போன். உங்க மூஞ்சிகூடச் சரியாத் தெரியல."

ஜெனரேட்டர்காரர் மாப்பிள்ளையின் தலைமாட்டில் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து, சத்தத்தை அமர்த்தித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்டூலைத் தூக்கினார். எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"கதவுக்கு வெளிய போட்டு உக்காருங்க. யாரு வந்தாலும் என்னன்னு கேட்டு வச்சுக்குங்க. எல்லாத்தையும் சேத்து, சாயங்காலம் ஒரே தடவையா எழுப்புங்க."