மாமா எடுக்காத படம்

தரையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே நடக்கிற குருவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில். சத்தியமாக.

உம்மாவின் தம்பி, என் மாமா, ரியாத்திலிருந்து லீவில் வந்தபோது ஊருலகம் போல சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவரவில்லை. மூடப்போன ஏதோ ஸ்டுடியோவில் வாங்கிய பழைய மரக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹார்மோனியப் பெட்டிக்கு மூன்று கால் முளைத்த மாதிரி ஒரு ஐட்டம். கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தால் உலகமே தலைகீழாகத் தெரியும். சங்கரன்கோவிலே சிரித்தது. நிறைமாத வயிற்றோடு இருந்த மாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“நாளைக்கு ஃப்ளைட்டு. இன்னைக்கு மலையப் போட்டோ எடுக்கப் போறியளாக்கும்?”

“அங்கன ரூம்ல சன்னலே கெடையாதுட்டி. நம்ம ஊரு படம் ஒண்ணு மாட்டுனா, அதப் பாத்துட்டுக் கெடப்பேன்லா.”

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபிலிம். மற்றதையெல்லாம் பழகுகிறேன் என்று சொதப்பித் தீர்த்திருந்தார். என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பனவடலிசத்திரம் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் போய்க் கேமராவை நிறுத்தினார். எதிரே கரிசல், அதன் முடிவில் மலை. செம வெயில்.

இருவரும் துணிக்குள் புகுந்தோம். அப்போதுதான் கண்ணாடியில் அந்த ஆள்காட்டிக் குருவி வந்தது. நாலு எட்டுத் தள்ளி, சரளைக் கல்லோடு கல்லாகக் கிடந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

படம் எடுக்க வேண்டுமென்றால் மாமா வெளியே வந்து முன்பக்கம் போய் லென்ஸ் மூடியைக் கழற்ற வேண்டும். வந்தார். குருவி கத்திக்கொண்டே பறந்து எங்கள் தலைக்கு மேல் சுற்றியது. துணிக்குள் போனோம், திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி வெளியே வந்தார். மறுபடி ஊரைக் கூட்டியது.

மூன்றாவது தடவை மாமா வெளியே வரவில்லை.

“எடுங்க மாமா, வேர்க்கி.”

“பொறுட்டி. இந்த வெயில்ல அது எந்திச்சா முட்ட வெந்துரும். கொஞ்சம் தாழட்டும்.”

“அதோட மாப்பிள்ள எங்க?”

“பக்கத்துலதான் நிக்கும். பொண்டாட்டிக்கு அலுப்பு தட்டுனா மாத்தி உக்காரும்.”

சொல்லி வாய் மூடவில்லை, இன்னொரு குருவி தத்தித் தத்தி வந்தது. முதல் குருவி எழுந்தது; வந்தது உட்கார்ந்தது. நான் கைதட்டப் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவேயில்லை. என் புறங்கையில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

“ச்சீ, வேர்வையத் தொடைங்க மாமா!”

அவர் துடைக்கவில்லை. வெயில் தாழ்ந்தது, கூடவே வெளிச்சமும் போய்விட்டது. மஃரிப் பாங்கு கேட்டபோது கேமராவை மடக்கினார்.

“படம் விழுந்துச்சா?” என்று மாமி கேட்டாள்.

“விழல” என்று சொல்லிவிட்டு மாமி பக்கத்தில் உட்கார்ந்தவர், ஏர்போர்ட்டுக்குக் கார் வரும்வரை எழுந்திருக்கவில்லை. நான்தான் கெத்தாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: “ஒரு குருவிக்குப் பயந்து மாமா படமே எடுக்கல!”

பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. இப்போது அவள் ஏழாம் வகுப்பு. மாமா ரியாத்தில் இருக்கிறார்.