இரண்டு முனையிலும் குங்குமம்

டயோடு சும்மா இருப்பதும் வேலைதான். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மருந்து அடிக்கும் ஸ்பிரேயர்களைப் பழுது பார்க்கும் எனக்கு, இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. யார் கேட்கிறார்கள்? ஓடவில்லை என்றால் கெட்டுவிட்டது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் என் அக்காவின் பேட்டரி ஸ்பிரேயரில் நானே ஒரு டயோடு வைத்துக் கொடுத்திருந்தேன். ஒருவழிக் கதவு மாதிரிதான் அது. பேட்டரியைச் சரியாக மாட்டினால் கரண்டை விடும். பிளஸும் மைனஸும் மாறிவிட்டால் உள்ளே இருக்கும் மின்னேற்றங்கள் இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளும், நடுவில் இடைவெளி அகலும், கரண்டு தாண்டாது. ஏதோ இம்மி கசியும். மெஷின் ஓடாது, ஆனால் அதன் சர்க்யூட் போர்டு பிழைத்துக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பார்த்து மல்லிகையில் மொட்டுப்புழு. அன்றைக்கே மருந்து அடித்தாக வேண்டும். பேட்டரியை மாட்டினால் ஸ்பிரேயர் ஓடவில்லை. அக்கா வீட்டுக்காரர் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஊரில் மோட்டார் பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மகராசன் டயோடின் இரண்டு காலையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டார். மறுநொடி புகை. போர்டு போயே போய்விட்டது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தவர் என் மேலேயே பாய்ந்தார்.

"கரண்டை மறிக்கிற சாமானைப் போயி எதுக்கு மாப்ள வச்ச?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திருப்பி மாட்டுனது நீங்க மாமா! செவப்பு எது, கருப்பு எதுன்னு பாக்க மாட்டீங்களா?"

அவர் பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிளஸ் முனையில் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம். மைனஸ் முனையிலும் அதே.

"ரெண்டும் செவப்பாத்தான இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பூஜை அன்று அந்தப் பேட்டரி சார்ஜுக்காக என் கடையில்தான் இருந்தது. மீட்டருக்கு, சால்டரிங் அயனுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனவன் நான். காவலுக்கு டயோடை வைத்ததும் நான், அடையாளத்தை மறைத்ததும் நான்.

"சரி, விடுங்க மாமா" என்றேன். உண்மையைச் சொல்லவில்லை.

புதுப் போர்டு மதுரையிலிருந்து வர இரண்டு நாளானது. மாட்டி எடுத்துக்கொண்டு போனபோது அக்கா ஓட்டை விழுந்த மொட்டுகளைக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். பாத்திகள் நெடுக அதுதான் கிடந்தது.

"தம்பின்னு நீ இருக்கப்போயி இம்புட்டாவது மிஞ்சுச்சுப்பா" என்றாள்.

நான் குனிந்து, மைனஸ் முனையில் இருந்த குங்குமத்தைச் சட்டை நுனியால் துடைத்தேன்.