பட்டாம்பூச்சிக்குக் கழிவு போட்டவர்

ஆரம்பப் பாட்டு முடியும்வரை தனசேகரன் பொறுமையாகத்தான் இருப்பார். டி.வி.க்கு ஒரு கை தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் நாற்பது பக்க நோட்டு, காதில் பேனா. திரையில் குதித்துக்கொண்டிருந்த பொம்மைத் தவளை நின்று, "ஹாய் குட்டீஸ்" என்று ஒரு பெண் குரல் வந்ததும் பேனா காதிலிருந்து இறங்கும்.

"ஒன்னரை நிமிஷம் பூட்ச்சி. தவளைக்கு நுரையீரல் இருக்குதா இல்லியான்னு இன்னும் வாயத் தொறக்கல."

நோட்டில் எழுதுவார். தவளை. மொத்தம் பன்னிரண்டு நிமிடம். சோகை எட்டு.

சோகை என்பது கரும்பின் காய்ந்த தோகை. மணலூர்பேட்டையிலிருந்து பைக்கில் போய்ச் சர்க்கரை ஆலையின் கரும்பு யார்டில் பதினாறு வருஷமாக அவர் பார்ப்பது இந்தச் சோகையைத்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து நின்றதும் ஒரு சுற்று வருவார். தொட மாட்டார். சோகை எவ்வளவு, வேர் எவ்வளவு, மண் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்து, "நாலு" என்பார். நூற்றுக்கு நாலு கழிவு என்று அர்த்தம். விவசாயி பின்னாலேயே ஓடிவந்து, "சார், ரெண்டு போடுங்க சார்" என்று கெஞ்சினால் திரும்பி இன்னொரு முறை வண்டியைப் பார்த்து, "அஞ்சு" என்பார். கெஞ்சுவதும் சோகைதான் என்பது அவர் கட்சி.

இப்படிப்பட்ட மனிதரிடம் பிள்ளைகளின் படிப்பு வந்து மாட்டியது கொரோனாவால் மட்டுமல்ல. பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த டிசம்பரில் சாதிச் சங்கத்துக்காரர்களோடு கொடி பிடித்துக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், இட ஒதுக்கீடு கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தார். பிப்ரவரியில் பத்தரை சதவீத உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் வந்தது. வருஷக்கணக்காகத் தெருவில் நின்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அது தன் கையெழுத்தால் வந்தது என்பதில் தனசேகரனுக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அறிவித்தார்.

"சீட்டு வந்தாச்சி. தமிழரசன் டாக்டரு, கண்ணகி டாக்டரு. இனிமே சரக்குதான் பாக்கி. சரக்கு நான் ஏத்தறேன்."

டாக்டர்களில் ஒருத்திக்கு ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இன்னொருவனுக்கு எட்டு, கோழிக் கடையைத் தாண்டும்போது கண்ணைப் பொத்திக்கொள்வான். ஏற்கெனவே சேர்த்திருந்த தனியார் பள்ளி போன் வழியாக நடத்திய வகுப்பை அன்றோடு நிறுத்தினார். பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி விஜயலட்சுமி மிஷினை நிறுத்தாமல் கேட்டார், "பள்ளிக்கூடம் தொறந்தா இன்னா பண்ணுவீங்க?"

"தொறக்கட்டும். அங்க பாதி நேரம் பிரேயரு, மீதி நேரம் ஆஜர் எடுக்கறது. சோகை."

அறிவியல் வீடியோக்களைத் தேர்ந்தெடுக்க அவருக்கு இரண்டே விதிகள். முதல் விதி, டாக்டர் சீட்டுக்கு ஆகுமா. இதில் வானவில், நட்சத்திரம், காந்தம், கப்பல் மிதப்பது எல்லாம் வாசலிலேயே திரும்பிவிட்டன. சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்று தமிழரசன் மூன்று நாள் அழுதான். "சனிக்கு வளையம் இருந்தா நோயாளிக்கு இன்னாடா?" என்று கேட்டார். எரிமலை கேட்டபோது, "கல்வராயன் மலை என்னிக்காவது வெடிச்சிதா? வெடிக்காத மலைப்பக்கம் இருந்துக்கினு எரிமலை எதுக்கு?" என்றார்.

இரண்டாவது விதி, பேச்சு. வாய் பேசினால் பாடம். பாட்டு, சிரிப்பு, பொம்மை, 'பெல் பட்டனை அழுத்துங்க', இவையெல்லாம் கழிவு. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்ட அவருக்குத் தெரியாது. ரிமோட்டில் ஓட்டுவார். ஓட்டும் நேரத்தில் சோகை கண்ணில் விழக்கூடாதென்பதால், பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் "கண்ண மூடு" என்பார். மூடுவார்கள். "தொற" என்றால் திறப்பார்கள். இப்படி மூடி மூடித் திறந்து எட்டு மாதத்தில் இரண்டு பேரும் நிறையக் கற்றுக்கொண்டார்கள். இதயத்துக்கு நாலு அறை என்று தெரியும். எதற்கு நாலு என்பது பாட்டாக வந்ததால் ஓடிவிட்டது. தவளைக்கு வால் இருந்தது தெரியும். அந்த வால் எங்கே போனது என்று தெரியாது.

கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் ஜாபர் இதை வேறு கணக்கில் பார்த்தார்.

"ஏண்ணே, ஊர்லயே உங்களுக்குத்தான் நெட்டு பத்த மாட்டேங்குது. பசங்க நாளைக்கு எவ்ளோ நேரம் பாக்குதுங்க?"

"இருவது நிமிஷம். சுத்தமான சரக்கு."

"மிச்சத்த?"

"நான் பாக்கறேன். பாத்தாத்தான தள்ள முடியும்?"

"அப்ப டாக்டர் ஆவப்போறது நீங்கதான்" என்றார் ஜாபர். தனசேகரன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து சொன்னார்.

பள்ளிகள் திறக்க இரண்டு நாள் இருந்த சனிக்கிழமை காலை, ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போன விஜயலட்சுமி, செடியின் அடியில் வரிசையாக ஆறு சின்ன மண்மேடுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நந்தியாவட்டைப் பூ. ஒன்றின் முன்னால் பாட்டில் மூடியில் பால்.

"இன்னாடி இது?"

"சுடுகாடு" என்றாள் கண்ணகி. "இது பெரிய புழு. இது அதோட தம்பி. அந்தக் கடைசி நேத்துதான் செத்துச்சி, அதுக்கு நாளைக்குத்தான் பாலு."

"செத்துச்சின்னு யாருடி சொன்னா?"

"டி.வி.ல காட்னாங்கம்மா. எலைய தின்னுச்சி, தின்னுச்சி, அப்புறம் கூடு கட்டித் தொங்கிச்சி. ஆடவே இல்ல. அப்பா கண்ண மூடுன்னாரு. தொறந்தா கிட்னி ஓடுது. இதுங்களும் இந்தச் செடில அப்படியேதான் தொங்கிச்சிங்க."

தமிழரசன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இருவது பேருக்கு மேல வரக்கூடாதும்மா. அதான் நாங்க ரெண்டு பேர் மட்டும் வந்தோம்." அந்த மே மாதத்தில் தெருவில் அடுத்தடுத்து நடந்த சாவுகளில் அவன் படித்துக்கொண்ட பாடம் அது. அதை யாரும் ஓட்டிவிட்டுக் காட்டவில்லை.

விஜயலட்சுமி கறிவேப்பிலையோடு உள்ளே வந்து டி.வி.க்கு முன்னால் நின்றார்.

"அந்தப் புழு படத்துல கடைசில இன்னாத்த தள்ளினீங்க?"

தனசேகரன் நோட்டைப் புரட்டினார். "புழு. மொத்தம் ஏழு. சோகை மூணு." தன் தீர்ப்பில் அவருக்கு இன்னும் திருப்திதான். "மூணு நிமிஷம் ஒரு வார்த்த இல்ல விஜயா. கூடு கிழியுது, றெக்க விரியுது, பின்னாடி புல்லாங்குழலு. பேச்சே இல்லன்னா பாடம் எங்க கீது?"

"கொல்லையில கீது. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். ஒரு சுற்று வந்தார். கண்ணால் பார்த்தே எண்ணிக்கை சொல்கிறவர், ஆறு மேடுகளையும் விரல் விட்டு எண்ணினார்.

"திங்கக்கெழம ரெண்டும் பள்ளிக்கூடம் போவுது" என்றார் பின்னால் வந்த விஜயலட்சுமி. "அரசாங்கப் பள்ளிக்கூடம். ருக்ஷானா டீச்சர்ட்ட பேசிட்டேன்."

"எட்டு மாசம் ஒழைச்சிருக்கேன்டி."

"ஆமா. ஆறு கொலை."

தனசேகரன் அசையாமல் இருந்துவிடவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்து, தள்ளிய அந்த மூன்று நிமிடத்தை டி.வி.யில் போட்டார். கூடு கிழிய ஆரம்பித்ததும் கண்ணகி பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். "தொற, தொற" என்று சொல்ல வேண்டியிருந்தது. முழுவதும் பார்த்தாள்.

"அது வேற புழு" என்றாள். "நம்மளது செத்துப்போச்சு."

"கிராபிக்ஸு" என்றான் தமிழரசன்.

தனசேகரன் ஒரு தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஐந்து மேடுகளில் எறும்புகள் வேலையை முடித்திருந்தன. நேற்றுப் புதைத்ததை எடுத்து மண்ணை ஊதினார். காய்ந்த இலைச் சுருள் மாதிரி இருந்தது. விரலால் தொட்டதும் வாலை ஒரு முறை நெளித்தது. அவர் உட்கார்ந்தவாறே பின்னால் சாய்ந்துவிட்டார்.

பவுடர் டப்பாவில் மணல் நிரப்பி, குச்சி நட்டு, மனைவியின் தையல் நூலால் கூட்டை அதில் கட்டினார். அதோடு பேரமும் ஆரம்பித்தார்.

"இது உயிரோட வந்தா நான் சொல்லிக் குடுத்தது சரின்னு ஆவும். பசங்க வூட்லயே படிக்கட்டும்."

"எப்ப வரும்?"

"நாளைக்குள்ள வரும்."

"வரலன்னா?"

"நீ சொன்னது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க டி.வி. அணைந்து கிடந்தது. தனசேகரன் நாற்காலியைத் திருப்பி டப்பாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, ஓட்டுவதற்குப் பொத்தானும் இல்லை. மழை வந்து நின்றது. சங்கத்து வாட்ஸ்அப்பில் ஏதேதோ வந்துகொண்டிருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. பட்டாம்பூச்சியும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு விஜயலட்சுமி கண்ணகிக்கு ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டினார். பழைய சீருடை முழங்காலுக்கு ஒரு ஜாண் மேலே நின்றது. இரண்டு முகக்கவசம், ஒரு தண்ணீர் பாட்டில். வாசலில் செருப்பு மாட்டும்போது தனசேகரன் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"இரு, இரு. ஆடுது."

"ஃபேன் காத்துல ஆடுதுங்க" என்றார் விஜயலட்சுமி. போய்விட்டார்கள்.

பதினொரு மணிக்கு மேல் கூடு கறுத்தது. மேல்புறம் வெடித்தது. ஈரத் துணியைக் கசக்கிப் போட்டதுபோல் ஏதோ ஒன்று தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்து, குச்சியில் ஏறித் தொங்கியது. தனசேகரன், "விஜயா" என்றார். மனைவி, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே பிளவுஸ் கொடுக்கப் போயிருந்தார். தனசேகரனே எழுந்து ஃபேனை நிறுத்தினார். கசங்கியது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கறுப்பு, அதில் வெளிர் மஞ்சள் பொட்டுகள். இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் நோட்டு அவர் மடியில் இல்லை.

பிறகு சட்டையை மாட்டினார். பேரம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது அவருக்குத் தெரியும். ஆனால் இதை வகுப்பில், டீச்சருக்கு முன்னால் வைத்துக் காட்டிவிட்டால், பிள்ளைகளை அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம் என்பது திட்டம். இடது கையில் டப்பா, வலது கையில் காற்று படாமல் விரித்துப் பிடித்த துண்டு. வாய்க்கால் வரப்பில் நடப்பவர் போல ஒவ்வோர் அடியாக வைத்துக் கடைத்தெரு வழியாகப் போனார்.

ஜாபர் கடையை விட்டு இறங்கி ஓடிவந்தார். "அண்ணே, பத்தரை போச்சாம்ண்ணே. செல்லாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களாம். உங்க ஆளுங்கள்லாம் முக்குல கூடிக்கினு நிக்கறாங்க, நீங்க எங்கன்னு கேக்கறாங்க."

"நவுரு பாய். காத்து அடிக்குது."

"இன்னாண்ணே அது?"

"பாடம்" என்றார் தனசேகரன். நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கதவு திறந்திருந்தது. முப்பது பிள்ளைகள் யானை மாதிரி கையை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ருக்ஷானா டீச்சரும் ஆட்டினார். கண்ணகி மற்ற எல்லாரையும் விடப் பெரிதாக ஆட்டினாள். வாசலில் டப்பாவோடு நின்றவரைப் பார்த்து டீச்சர் ஒரு விரலைக் காட்டினார். "ஒரு நிமிஷம் சார், பாட்டு முடிஞ்சிரட்டும்."

யானை குளத்துக்குப் போனது. குளித்தது. கரும்பு தின்றது. திரும்பக் குளத்துக்குப் போனது. தனசேகரன் நின்றார். துண்டு பிடித்த கை வலித்து, கொஞ்சம் இறங்கியது. பாட்டு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் குச்சியிலிருந்தது இரண்டு முறை இறக்கையை மூடித் திறந்து, துண்டுக்கு மேலே எழும்பி, வேப்பமரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார் டீச்சர்.

அவர் டப்பாவை நீட்டினார். கண்ணகிதான் முதலில் ஓடிவந்தாள். குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். குச்சியில் வெடித்த தோல் ஒன்று நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

"செத்துப்போச்சாப்பா?"

தனசேகரன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வலது கையைத் தூக்கி வேப்பமரத்து உச்சியைக் காட்டினார். டீச்சர் வெளியே வந்து பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, முகக்கவசத்தோடு கழுத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மழை மேகத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை. கண்ணகி மேலே பார்த்தாள், விரலைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கையை இறக்கவில்லை.