அட்டை என்னுடையது, எழுத்து என்னுடையதல்ல

நான் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொங்கல் வாழ்த்து அட்டைக்காக என் படிப்பை நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் பதினொன்றுதான் பள்ளி இறுதி வகுப்பு; அரசுத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அந்த அட்டையைச் செய்தது நான். உள்ளே எழுதியது வேறு ஒருத்தி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா தறிகளுக்கு அட்டை குத்துகிறவர். பட்டுச் சேலைக் கரையில் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்வது துளை போட்ட அட்டைகள்தான். கட்டம் போட்ட தாளில் மயிலையோ யாளியையோ வரைந்துகொண்டு, கட்டம் கட்டமாக எண்ணி, அதற்கேற்றபடி அட்டையில் துளை போடுவார். ஒரு துளை தவறினால் அந்த அட்டை மூலைக்குப் போய்விடும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மூலையில் அப்படிப்பட்ட அட்டைகளும் வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டுகளும் எப்போதும் கிடக்கும். அவைதான் எனக்கு மூலதனம்.

கடையில் விற்கும் பொங்கல் வாழ்த்துகளில் சினிமாக்காரர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு அழிரப்பரில் பிளேடால் பொங்கல் பானை வெட்டினேன். அது நன்றாக வந்தது. அடுத்து ‘பொங்கல்’ என்று எழுத்தை வெட்டி அச்சு வைத்தால் எல்லாம் இடம் வலம் மாறி விழுந்தது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் திருப்பி வெட்டக் கற்றுக்கொண்டேன். அழிரப்பர் சிறியதாக இருந்ததால் சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் வாங்கி, மரக்கட்டையில் ஒட்டி, பெரிய அச்சுகள் வெட்டினேன். கரும்பு, மாட்டு ஜோடி, பூசணிப்பூ வைத்த கோலம், கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்க்கும் அன்னம். சாயப்பட்டறையில் மிஞ்சிய சாயத்தில் கோந்து கலந்து, டப்பா மூடியில் மடித்து வைத்த துணியில் ஊற்றினால் அதுதான் என் மை. துளை விழுந்த அட்டைக்குப் பின்னால் சிவப்புக் காற்றாடித்தாள் ஒட்டுவேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அட்டை முழுக்கச் சிவப்புப் புள்ளியாக எரியும்.

பதினோராம் வகுப்புக்கு வந்தபோது என் அட்டை எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். மார்கழி பிறந்தால் பெண்கள் வந்து கேட்பார்கள். கொடுப்பேன். உள்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். யாருக்கு அனுப்புகிறாய் என்று ஒருத்தியையும் கேட்டதில்லை. அது அவரவர் விஷயம்.

அந்த வருடம் காணும் பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டுக்கடை வைத்திருந்தவர். அவர் கடைக்கு ஓடும் தறிகளுக்குத்தான் அப்பா அதிகமாக அட்டை குத்தினார். அப்பா அவரை முதலாளி என்பார். முதலாளி எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. அம்மா அவசரமாகப் பாயைத் தட்டிப் போட்டாள். அவர் உட்காரவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து ஒரு வாழ்த்து அட்டையை எடுத்து, மூடியபடியே அப்பாவிடம் காட்டினார்.

“இது உன் பொண்ணு கைவேலதானே?”

என் அன்னம் அதில் இருந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

“ஆமாங்க முதலாளி, எம் பொண்ணு பண்ணதுதான். நானு கத்துக் குடுக்கல, அதுவா உக்காந்து வெட்டிக்கினு இருக்குது” என்றார்.

“நல்லா பண்ணியிருக்குது. உள்ள பிரிச்சிப் பாரு” என்றார் அவர்.

அப்பா பிரித்தார். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் முதலாளியே சொன்னார். “காலேஜ்ல படிக்கிற எம் பையனுக்கு, பேர் போடாம, தபால்ல வந்துது. நல்ல வேளை, போஸ்ட்மேன் எங் கையில குடுத்தாரு.”

நான் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். ‘உங்களை நினைக்காமல் எனக்கு ஒரு பொழுதும் போவதில்லை. பதில் வேண்டாம். தெரிந்தால் போதும்.’ ‘பொழுதும்’ என்ற சொல்லில் இருந்த ழகரத்தின் வால் கீழ் வரிவரைக்கும் இழுத்து வளைத்திருந்தது. அப்படி எழுதுகிறவள் எங்கள் வகுப்பில் ஒருத்திதான். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள். முதலாளியின் தங்கை மகள். தகப்பன் இல்லாத பெண். அந்த மாமா வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தாள். மாமன் மகனுக்கு, ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு, தபாலில் அனுப்பியிருக்கிறாள்.

“இது என் எழுத்து இல்ல” என்றேன்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். முதலாளி என் பக்கம் திரும்பி, மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார். “எழுத்து யாருதா இருந்தா இன்னாம்மா? அட்டை உன்னுதுதானே.”

என் நோட்டுப் புத்தகங்கள் அவர் காலுக்கு இரண்டு முழ தூரத்தில் சுவரோரமாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்திருந்தால் போதும். ஒருவரும் பிரிக்கவில்லை. நானாவது ஓடிப்போய் எடுத்து அப்பாவின் கையில் திணித்திருக்கலாம். செய்யவில்லை. எழுத்து யாருடையது என்று அடுத்த கேள்வி வரும், அந்தப் பெண்ணை அவர் வீட்டில் என்ன செய்வார்களோ என்று பயந்தேன். அவளே வந்து சொல்லிவிடுவாள் என்றும் நம்பினேன். பதினாறு வயதின் முட்டாள்தனம் அது. அதற்காக என்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

முதலாளி போன பிறகு அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அச்சுக்கட்டைகள் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் கொட்டினார். ரப்பர் எரியும் கரும்புகை வீட்டை நிறைத்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, “இன்னா நாத்தம் இது?” என்று கேட்டாள். “பழைய டியூபு” என்றாள் அம்மா. அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது.

மூன்று நாள் காத்திருந்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அவள் வரவில்லை. எங்கள் தெரு வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போவாள். இப்போது அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

வகுப்பு டீச்சர் இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். பிறகு அவரே வந்தார். அப்பா எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு, “பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல டீச்சர்” என்றார். நான் உள்ளேயிருந்து வெளியே வந்தேன்.

“எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது டீச்சர். நைனா பொய் சொல்றாரு” என்றேன்.

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். “பணம் கட்டியாச்சு, நம்பர் வந்துடும். பரீட்சை மட்டுமாவது எழுத விடுங்க” என்று கெஞ்சினார். மறுநாள் அப்பா என்னை ஐயம்பேட்டையில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். பரீட்சை நடந்த நாட்களில் நான் அங்கே ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தேன். இன்று தமிழ் முதல் தாள், இன்று கணக்கு என்று ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே சுற்றினேன். இழை அறுந்தால் அத்தை திட்டுவாள். வேண்டுமென்றே சிலவற்றை அறுத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்தபோது, மாப்பிள்ளையின் தாயார் “எது வரைக்கும் படிச்சிருக்கே?” என்று கேட்டாள்.

“பதினொண்ணு படிச்சேன், பரீட்ச எழுத உடல. எழுதின பொறவு வாங்க” என்றேன்.

அவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். அம்மா அழுதாள். அடுத்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது இடம் வருவதற்குள் அப்பா தனித்தேர்வுக்குப் பணம் கட்டினார். எழுதினேன், தேறினேன். டைப் ரைட்டிங் படித்தேன். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே அமைந்தது. எல்லாம் இரண்டு வருடம் தள்ளி வந்தது, அவ்வளவுதானே என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வாயிலும் நான் என்னவாக இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவளை மறுபடி பார்த்தது எழுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தில். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் வந்து உட்கார்ந்தாள். வேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமன் மகனைக் கட்டவில்லை. குண்டாகி, மூக்குத்தி பெரிதாகி, சந்தோஷமாக இருந்தாள்.

“இன்னும் வாழ்த்து பண்றியா?” என்றாள்.

“இல்ல.”

“எவ்ளோ அழகா பண்ணுவே. எம் பொண்ணுகிட்ட கூட சொல்லிக்கினு இருப்பேன்.”

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். “அந்த அட்டையில எழுதினது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றேன்.

அவள் கொஞ்சமும் அதிரவில்லை. “மாமாவுக்கும் தெரியுமே” என்றாள். “அன்னைக்குக் காலையிலேயே என்னைக் கூப்பிட்டாரு. நோட்டு எடுத்தாரச் சொல்லி, அட்டைய பக்கத்துல வச்சி ஒத்துப் பாத்தாரு. நான் காலுல விழுந்தேன். ‘போ, படிக்கிற வேலையப் பாரு’ன்னாரு. அதுக்கப்புறந்தான் உங்க வீட்டுக்கு வந்தாரு.”

“நீ ஏன் சொல்லல?”

“நீயும் சொல்லலியே” என்றாள்.

அவள் சொன்னதில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினோம் என்று. இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் காந்தி ரோட்டில் அவள் மாமாவின் கடையில் இருந்தேன். கல்யாணக் கூட்டம் ஒன்று சேலை எடுத்துக்கொண்டிருந்தது. முதலாளி மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வாம்மா, நல்லா இருக்கியா?” என்றார்.

“அந்த எழுத்து உங்க வீட்டுப் பொண்ணோடதுன்னு தெரிஞ்சிக்கினேதான் எங்க வீட்டுக்கு வந்தீங்களா?”

சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர் ஆட்களிடம் மேலே போய்ச் சரக்கு காட்டச் சொன்னார். பிறகு என்னிடம், “தகப்பன் இல்லாத பொண்ணும்மா. பேர் கெட்டா யார் கட்டுவா? தபால் ஆபீஸ்ல நாலு பேர் அந்த அட்டைய பாத்திருக்காங்க. யாரு பண்ணதுன்னு ஊருக்கே தெரியுது. அத அப்படியே உட்டுட்டேன்” என்றார்.

“எனக்குத் தகப்பன் இருந்தாரு. அதனால என் பேரு கெடலாமா?”

“உங்கப்பனுக்கு அதுக்கப்புறம் நான் ஒரு கொறையும் வைக்கல. வேல எல்லாத்தையும் அவருக்குத்தான் குடுத்தேன். போய்க் கேட்டுப் பாரு.”

கேட்கத்தான் போனேன். அப்பா ஜன்னலோரம் கட்டம் போட்ட தாளோடு உட்கார்ந்திருந்தார். அம்மா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. நின்றபடியே கேட்டேன்.

“நைனா, எழுத்து என்னுது இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகு நேரம் துடைத்தார்.

“எனக்குப் படிக்க வராதும்மா. ஆனா கோட்டப் பாத்தா கை தெரியும். அதானே என் தொழிலு. அது உங் கை இல்லன்னு பாத்தவுடனே தெரியும்” என்றார். “அந்தாளு சொல்றது பொய்யின்னு நான் சொன்னா மறுநாளு வேலைக்கு எங்க போவேன்?”

“என்னைத் தனியா கூப்பிட்டாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ சும்மா இருப்பியா?”

இருந்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அச்சுக்கட்டைகளை எரித்தார், அதனால்தான் ஐயம்பேட்டைக்கு அனுப்பினார். கோபத்தில் தப்பாக நினைத்துவிட்டார் என்று இத்தனை வருடம் நான் அவருக்காக ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அன்று அதுவும் போய்விட்டது.

அப்பா, “சாப்ட்டுப் போம்மா” என்றார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி நடந்தேன். செங்கல்பட்டு பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார், செருப்பில்லாமல். ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன என்று நான் கேட்கவும் இல்லை.

பிறகு பத்து வருடம் இருந்தார். கடைசி நான்கு வருடம் என் வீட்டில்தான். மாத்திரை கொடுத்தேன், குளிப்பாட்டினேன், பேரப் பிள்ளைகளை மடியில் உட்காரவைத்தேன். ஊரில் எல்லாரும் நல்ல மகள் என்றார்கள். மன்னித்துவிட்டாள் என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்று அது.