கால்மாட்டில் வைத்த கல்

சேலையூரில் இருபத்தாறு வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், எங்கள் சபைக் கோவிலின் மதில் சுவர், கோவிலம்பாக்கத்தில் தண்ணீர் நின்ற நிலத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை இவை. “அங்க தவளதான் குடியிருக்கும், மேஸ்திரி” என்று சிரித்தார் ஒரு இன்ஜினீயர். இன்றுவரை அதில் ஒரு விரிசல் விழவில்லை.

எல்லாவற்றிலும் என் மனைவி இருந்தாள். ஆரம்பத்தில் எனக்குச் சித்தாளாக மணல் சுமந்தவள். எனக்குப் படிப்பு வராது என்பதால் தினமும் காலையில் வேதாகமத்தை வாசித்துக் காட்டுவாள். வேலை முடிந்த கட்டடத்தை விட்டு வரும்போது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். கோணல் இருந்தால் முதலில் சொல்பவள் அவள்தான்.

போன வருடம் சர்க்கரை வியாதி அவளைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் “கர்த்தருடைய சித்தம்” என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன். வேதாகமம் அலமாரியில் மூடியே கிடந்தது.

கல்லறையை மட்டும் யாரிடமும் விடவில்லை. நானே கரணை பிடித்தேன். நட்டிருந்த மரச் சிலுவை மழையில் சாய்ந்திருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணைச் சமன் செய்தேன். நாற்பது வருடம் வாஸ்து பார்க்கிறவர்களுக்குக் கட்டிய கை. கிழக்கே பாதை இருந்தது. வீட்டுக்குப் பெயர்ப்பலகை வைப்பதுபோல் அந்தப் பக்கமே பெயர்க் கல்லை நிறுத்தினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை.

ஊருக்குப் போயிருந்த கல்லறைத் தோட்டத்துக் குழிவெட்டி மறுவாரம் வந்து பார்த்தார்.

“இன்னா மேஸ்திரி, தலமாட்டுல வெக்கிற கல்ல கால்மாட்டுல வெச்சிகீறீங்க?”

“எதுவா இருந்தா இன்னாய்யா? படுத்துகினு இருக்கிறவளுக்குத் தெரியவா போவுது?”

“அக்கா தல மேற்கால கீது, காலு கிழக்கால. ஆண்டவர் கிழக்கால வரசொல்லோ எந்திரிச்சி நின்னா நேரா அவர பாக்கணும். இப்ப எந்திரிச்சா உங்க கல்லுலதான் முட்டிக்கும். அப்புறம் உங்கள சும்மா வுடுமா அது?”

அடக்கத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் கேட்டேன். “அவ எந்திரிப்பான்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?”

மண்வெட்டியை வழித்துக்கொண்டே சொன்னார்: “முப்பது வருசமா ஒவ்வொருத்தரையும் கிழக்க பாத்து வெச்சிகீறேன். எந்திரிக்க மாட்டாங்கன்னா, எப்பிடி வெச்சா இன்னா? எனக்கு வேற வேல இல்லியா?”

நான் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் மொட்டை மாடித் தூணில் கம்பியை நீட்டி விட்டிருக்கிறேன். மேலே இன்னொரு மாடி வரும் என்று நம்புகிறவன்தான் கம்பி விடுவான். இந்த மனிதர் ஒவ்வொரு குழியிலும் அதையே செய்திருக்கிறார். பிரசங்கம் எதுவும் தொடாத இடத்தை அவர் பேச்சு தொட்டது. அப்படிப்பட்ட ஒரு வேலைக்காரரை நான் பார்த்ததில்லை.

அன்றே கல்லை உடைத்தேன். என் வேலையை நானே உடைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். உடைக்க உடைக்க நெஞ்சு லேசானது. அவள் எழுந்து நிற்கப் போகிறாள் என்பதற்காக அல்லவா உடைக்கிறேன்? தலைமாட்டில், கிழக்கு பார்த்து, புதுக் கல் நட்டேன். அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் போனேன். இப்போது காலையில் என் மகள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன்.

நினைவு நாள் ஜெபத்தில் போதகர் குழிவெட்டியின் விசுவாசத்தைப் புகழ்ந்தார். நியாயம்தான். ஆனால் கல்லை நட்டவன் நான்; அதில் அவள் பெயரும் ஒரு வசனமும் மட்டுமே இருக்கின்றன. அடியில் ‘கட்டியவர்: கணவர்’ என்று வெட்டும்படி, கல்லில் எழுத்து வெட்டுபவரிடம் சொன்னேன். “கல்லறையில கூடவாப்பா பெருமை?” என்கிறாள் மகள்.

பெருமைதான். எழுந்ததும் அவள் முதலில் ஆண்டவரைப் பார்க்கட்டும். அப்புறம் வழக்கம்போல் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். வாசிக்கத் தெரிந்தவள். யார் வேலை என்று அந்தக் கல்லில் இருந்தாக வேண்டும். வெட்டுங்கள்.