பெரட்டில் சன்னாசியின் பெயர்

என் தம்பி சன்னாசி ஆளைக் கொல்ல வந்த லட்சணத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மலாயாவில் அவசரகாலம், ஐம்பத்திரண்டாம் ஆண்டு; வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. தம்பின் என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சோற்றைக்கூடப் பொதுக் கொட்டகையில் ஆக்கி அளந்துதான் போட்டார்கள். வேலியில் எந்த இடத்தில் கம்பி தளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் அவன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்.

மூன்று வருடம் முன்பு, பால் வெட்டும்போது ரப்பர் மரத்தில் காயம் போட்டான் என்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து அவனைப் பெரட்டில் அறைந்தார். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் இடம், எல்லோரும் பார்த்தார்கள். என் தம்பித் துரைக்கு ரோஷம் வந்து காட்டுக்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வெட்டுக் கத்தியையே ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவனிடம் அவர்கள் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள்!

அன்று விடியுமுன் என் லயத்து வீட்டில் வந்து நின்றான்.

"மண்டோரச் சுடச் சொல்லி அனுப்பிட்டாங்கக்கா. சோறு இருக்கா?"

மரவள்ளிக்கிழங்கை வைத்தேன். "இதுதானா?" என்று முகம் சுளித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டா, ஆம்பள பேரு இல்லாட்டி இங்க தனி வீடு கெடையாது. புருசன் செத்தவ எங்கடா போவேன்? நீ எங்க போனேன்னு அந்த மனுசனுக்குத் தெரியும். தெரிஞ்சும் பெரட்டுப் புத்தகத்துல உன் பேர அடிக்காம தெனமும் கூப்பிடுறாரு. நானும் 'கப்பலேறி ஊருக்குப் போயிருக்கான்யா'ன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறேன். அவரப் போயா சுடப்போற?"

"சுடலன்னா என்னைச் சுட்டுடுவாங்கக்கா." கிழங்கை மென்றுகொண்டே போய்விட்டான்.

பெரட்டில் நின்றேன். ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் அவன் ஒளிந்ததை நான் மட்டும் பார்த்துவிட்டேன். கத்தினால் காவல் போலீஸ்காரர்கள் தம்பியைச் சுடுவார்கள். கத்தாவிட்டால் மண்டோர் செத்தார்.

"பஞ்சாலை!"

"வந்திருக்கேன்யா."

"சன்னாசி!"

தினமும் சொல்லும் பதிலை விட்டுவிட்டு நான் ஸ்டோரையே பார்த்தேன்.

"வந்திருக்கேன்யா!" என்றது ஸ்டோருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் சொன்ன பழக்கம். மடையன்! மண்டோரும் தலை நிமிராமல் கோடு போட்டுவிட்டு "தாயம்மா!" என்றார். அப்புறம்தான் அவர் கை நின்றது.

போலீஸ்காரர்கள் ஸ்டோருக்குப் பின்னால் ஓடியபோது சன்னாசி துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். துப்பாக்கியோடு பிடிபட்டால் தூக்கு.

மண்டோர், லாரியில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டரிடம் போனார். "சரணடைய வந்தவன்யா. பேரக் கூப்பிட்டேன், வந்துட்டான்லா. அத்தன பேரும் கேட்டாங்க."

ஆமாம், ஆமாம் என்றது பெரட்டு முழுவதும். அவன் உயிர் தப்பியது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் மண்டோர் என் வாசலில் வந்து நின்றார். "அன்னிக்கு நான் அறையாம இருந்திருக்கலாம், முத்தாயி. இனிமே ஊருல இருக்கான்னு சொல்ல முடியாது. ஆபீசுல பேர அடிச்சிட்டாங்க."

சட்டி பானையோடு தாயம்மா வீட்டு மூலைக்குப் போனேன். மூன்று வருடம் வராமலே எனக்கு வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவன், ஒரே ஒரு நாள் வந்து அதைத் தொலைத்தான். அழுகையாகவும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தவும் கை துடித்தது.

மறுநாள் பெரட்டில் பஞ்சாலைக்கு அடுத்து மண்டோர் சன்னாசியை விட்டுவிட்டு நேராகத் தாயம்மாவைக் கூப்பிட்டார். தாயம்மா பதில் சொல்வதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"கப்பலேறி ஊருக்குப் போயிருக்கான்யா."

யாரும் சிரிக்கவில்லை.